ரவுல் வால்ஷ்: கண்ணுக்கு எட்டிய தூரம்வரை படமெடுத்தவர் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரவுல் வால்ஷ் யார்?

ரவுல் வால்ஷ் 1887ஆம் ஆண்டு மார்ச் 11ஆம் நாள் நியூயார்க்கில் பிறந்து, 1980 டிசம்பர் 31 அன்று கலிபோர்னியாவில் உள்ள சிமி வேலியில் தமது 93ஆம் வயதில் மறைந்த அமெரிக்கத் திரைப்பட இயக்குநர். ஆல்பர்ட் எட்வர்ட் வால்ஷ் என்பது பெற்றோர் இட்ட பெயர். பேசாப் படக் காலத்தில் நடிகராக நுழைந்தவர், விரைவிலேயே இயக்கத்துக்கு வந்து 1964 வரை நூற்றுக்கும் மேற்பட்ட படங்களை எடுத்தார். கௌபாய் படங்கள், போர்ப் படங்கள், கடற்படைச் சாகசங்கள், கொள்ளைக் கூட்டக் கதைகள் ஆகியவையே அவர் மிகுதியாக எடுத்தவை. ஜான் ஃபோர்டின் பெயரை அறிந்த அளவுக்கு வால்ஷின் பெயரை நம் வாசகர்கள் அறிந்திருப்பதில்லை என்பதாலேயே, அவரைப் பற்றிப் பலரும் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே சற்று விரிவாக விடை எழுதியிருக்கிறேன்.

சினிமாவுக்கு வருவதற்கு முன்பு அவர் உண்மையிலேயே மாடு மேய்த்த கௌபாயா?

தாம் அப்படி இருந்ததாக அவரே தன்வரலாற்றில் எழுதியிருக்கிறார். பதின்பருவத்தில் தாயை இழந்தபின் உறவினர் ஒருவருடன் கப்பலேறி கியூபாவுக்குப் போனதாகவும், பிறகு மெக்சிகோ, டெக்சாஸ் பகுதிகளில் மாட்டு மந்தைகளை ஓட்டும் வேலை செய்ததாகவும், டெக்சாஸில் குதிரை ஓட்டத் தெரிந்தவர் என்ற தகுதியிலேயே மேடை நாடகம் ஒன்றில் வாய்ப்புக் கிடைத்ததாகவும் அவர் சொல்கிறார். அவர் சொன்ன கதைகளை எவ்வளவு நம்பலாம் என்பதற்குப் பின்னால் வருகிறேன். குதிரை ஏறத் தெரிந்திருந்தது மட்டும் ஐயத்துக்கு இடமில்லாத செய்தி. தொடக்க கால நிறுவனங்கள் அவரை நடிகராகச் சேர்த்துக்கொண்டதற்கு அந்தத் திறமையே பெரிய காரணம். குதிரை ஒரு சரிவில் இறங்கும்போது உடல் எந்தப் பக்கம் சாயும், சேற்றில் எவ்வளவு நேரம் பிடிக்கும் என்பதையெல்லாம் உடம்பால் அறிந்த ஒருவர் எடுத்த படங்கள் இவை என்பது அவற்றைப் பார்க்கும்போதே விளங்கும்.

மெக்சிகோ புரட்சித் தலைவர் பாஞ்சோ வில்லாவை அவர் படமெடுத்தது உண்மையா?

உண்மை. 1914 ஜனவரியில் மியூச்சுவல் ஃபிலிம் நிறுவனம் வில்லாவின் போர்களைப் படமெடுக்க அவருடனேயே ஒப்பந்தம் செய்துகொண்டது. இயக்குநர் டி.டபிள்யூ. கிரிஃபித்திடம் அப்போது வேலை பார்த்துவந்த வால்ஷ், காமிராக்காரர்களுடன் மெக்சிகோவுக்கு அனுப்பப்பட்டார். வில்லாவின் வாழ்க்கையைச் சொல்லும் படமாக அதே ஆண்டில் வெளிவந்ததில் இளவயது வில்லாவாக நடித்ததும் வால்ஷ்தான். இயக்குநராகப் பெயர் பெற்றவர் கிறிஸ்டி கபானே. படம் இன்று முழுமையாகக் கிடைக்கவில்லை, துண்டுக் காட்சிகளே எஞ்சியுள்ளன.

வெளிச்சம் போதுமான நேரத்தில் மட்டுமே போர் நடத்த வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்ததாக ஒரு கதை நெடுங்காலமாக உலவுகிறது. ஒப்பந்தத்தின் வாசகத்தை ஆராய்ந்த வரலாற்றாசிரியர்கள் அப்படியொரு நிபந்தனை அதில் இல்லை என்று காட்டியிருக்கிறார்கள்.

லிங்கனைச் சுட்டவனாக நடித்தவர் அவர்தானா?

ஆம். கிரிஃபித்தின் 'தி பர்த் ஆஃப் எ நேஷன்' (1915) படத்தில் ஜான் வில்க்ஸ் பூத் வேடத்தில் நடித்ததோடு, படப்பிடிப்பில் உதவியாளர்களுள் ஒருவராகவும் வால்ஷ் இருந்தார். கறுப்பின மக்களை இழிவுபடுத்தி, கு கிளக்ஸ் கிளான் என்ற வெறிக் கூட்டத்தை வீரர்களாகக் காட்டிய படம் அது. அந்தக் கறையை மறைத்துவிட்டு அதைத் திரைக்கலையின் மைல்கல் என்று மட்டும் சொல்வது சரியல்ல. பெருங்கூட்டத்தைக் களத்தில் நிறுத்தி ஆளும் தொழிலை வால்ஷ் கற்றுக்கொண்டது அந்தப் பள்ளியில்தான் என்பதையும் சேர்த்தே எழுத வேண்டியிருக்கிறது.

இயக்குநராக அவருடைய முதல் முக்கியப் படம் எது?

'ரீஜெனரேஷன்' (1915). ஃபாக்ஸ் நிறுவனத்துக்காக நியூயார்க்கின் ஏழைக் குடியிருப்புத் தெருக்களிலேயே எடுக்கப்பட்ட இப்படம், ஓர் அநாதைச் சிறுவன் ரௌடிக் கூட்டத்தின் தலைவனாக வளர்வதையும், பிறகு மனம் மாறுவதையும் சொல்கிறது. கொள்ளைக் கூட்டத்தைப் பற்றிய முதல் முழுநீளப் படங்களுள் ஒன்றாக இதை மதிக்கிறார்கள். உல்லாசப் பயணம் போகும் படகு தீப்பற்றி, மக்கள் ஆற்றில் குதிக்கும் காட்சி இன்றும் பதற வைக்கிறது. அழிந்துபோனது என்று நெடுங்காலம் கருதப்பட்ட இதன் பிரதி 1970களில் கண்டெடுக்கப்பட்டது.

'பாக்தாத் திருடன்' எடுத்தவரும் இவர்தானா?

எம்.ஜி.ஆரும் வைஜயந்திமாலாவும் நடித்து 1960இல் வந்த தமிழ்ப் படத்தைச் சிலர் மனத்தில் வைத்துக்கொண்டு கேட்கிறார்கள். அதை இயக்கியவர் டி.பி. சுந்தரம். டக்ளஸ் ஃபேர்பேங்க்ஸ் தயாரித்து நடித்த 'தி தீஃப் ஆஃப் பாக்தாத்' (1924) என்ற அமெரிக்கப் பேசாப் படத்தின் இயக்குநரே வால்ஷ். பத்து லட்சம் டாலருக்கும் மேல் செலவான அந்தப் படத்தின் அரங்குகளை வில்லியம் கேமரூன் மென்சீஸ் வடிவமைத்தார். மாயாஜாலக் கதையாக இருந்தாலும், ஃபேர்பேங்க்ஸ் மாடிக்கு மாடி தாவும்போது அந்த உயரத்தை முழுமையாகக் காட்டிவிட்டே தாவ விடுகிறார் வால்ஷ். அவருடைய கௌபாய் படங்களிலும் இதே பழக்கத்தைக் காணலாம்.

அவர் ஒரு கண்ணை எப்படி இழந்தார்?

1926இல் 'வாட் பிரைஸ் குளோரி' என்ற போர்ப் படத்தின் பெருவெற்றி, 1928இல் குளோரியா ஸ்வான்சனுடன் தாமே நடித்து இயக்கிய 'சேடி தாம்ப்சன்' என்று வால்ஷ் உச்சத்தில் இருந்த காலம் அது. பேசும்படம் வந்துவிட்டது, ஆனால் ஒலிப்பதிவுக் கருவிகள் கனமானவையாகவும் சின்னச் சத்தத்தையும் பிடித்துக்கொள்பவையாகவும் இருந்ததால், எல்லோரும் அரங்கின் நான்கு சுவருக்குள் ஒடுங்கிக் கிடந்தார்கள். ஃபாக்ஸ் நிறுவனத்தின் செய்திப்பட வண்டிகள் மட்டும் தெருவில் நின்று ஒலியைப் பதிவு செய்துகொண்டிருந்தன. அந்த வண்டியை எடுத்துக்கொண்டு வெட்டவெளிக்குப் போய் ஒரு கௌபாய் படத்தையே எடுத்தால் என்ன என்று கேட்டவர் வால்ஷ். அப்படித் தொடங்கிய 'இன் ஓல்ட் அரிசோனா', முழுக்கப் பேசும் படங்களில் வெளிப்புறத்தில் எடுக்கப்பட்ட முதல் பெரிய படமாக அமைந்தது. சிஸ்கோ கிட் என்ற கொள்ளைக்காரனாகக் கதாநாயக வேடமும் அவருடையதே.

யூட்டா மாநிலத்தில் படப்பிடிப்புக்கிடையே ஓர் இரவு வண்டியில் வந்துகொண்டிருந்தபோது, விளக்கொளியில் மிரண்ட காட்டு முயல் ஒன்று முன்கண்ணாடியை உடைத்துக்கொண்டு உள்ளே பாய்ந்தது. கண்ணாடிச் சிதறல்களில் அவருடைய வலக்கண் போயிற்று. படத்தை இர்விங் கம்மிங்ஸ் முடித்தார்; சிஸ்கோ கிட் வேடம் வார்னர் பாக்ஸ்டருக்குப் போய், அவருக்குச் சிறந்த நடிகருக்கான ஆஸ்கர் விருதைப் பெற்றுத் தந்தது. அந்தப் படத்தில் இறைச்சியும் முட்டையும் சட்டியில் வறுபடும் ஓசையைக் கேட்டே மக்கள் மெய்மறந்தார்கள். வால்ஷ் அதன்பின் நடிக்கவில்லை. கறுப்புக் கண்மறைப்போடு இன்னும் முப்பத்தைந்து ஆண்டுகள் படம் இயக்கினார்.

'தி பிக் டிரெயில்' பற்றி ஏன் எல்லோரும் தனியாகப் பேசுகிறார்கள்?

என் கணிப்பில் அவருடைய மிகப்பெரிய சாதனை இந்த 1930ஆம் ஆண்டுப் படமே. விபத்துக்குப் பின் ஒற்றைக் கண்ணோடு அவர் எடுத்ததோ, அதுவரை யாரும் பார்த்திராத அகலமான படம். வழக்கமான 35 மில்லிமீட்டர் படச்சுருளுக்குப் பதில், ஃபாக்ஸ் நிறுவனம் 'கிராண்டியர்' என்ற பெயரில் உருவாக்கிய 70 மில்லிமீட்டர் சுருளில் ஆர்தர் எடிசன் ஒளிப்பதிவு செய்தார். சாதாரணத் திரையரங்குகளுக்காக லூசியன் ஆன்ட்ரியோ அதே காட்சிகளை 35 மில்லிமீட்டரில் தனியாக எடுத்தார். குரல் மாற்றும் தொழில்நுட்பம் தேறாத காலம் என்பதால் ஸ்பானியம், ஜெர்மன், பிரெஞ்சு, இத்தாலியம் ஆகிய மொழிகளுக்கும் வேறு நடிகர்களை வைத்துத் தனித்தனியே படம் உருவானது. அரிசோனாவிலிருந்து வயோமிங், மொன்டானா வரை பல மாநிலங்களில் இந்தக் கூட்டம் முழுவதும் மாதக்கணக்கில் பயணம் செய்தது.

கதை எளியது. ஆற்றங்கரை ஒன்றிலிருந்து ஓரிகன் நோக்கிக் குடியேறிகளின் கூண்டு வண்டிகள் வரிசை வரிசையாகப் புறப்படுகின்றன. நண்பனைக் கொன்றவர்களைத் தேடும் இளைஞன் ஒருவன் அவர்களுக்கு வழிகாட்டியாக வருகிறான்.

நடுவில் வரும் ஒரு காட்சியைச் சொல்கிறேன். பாதை செங்குத்தான மலைவிளிம்பில் வந்து முடிந்துவிடுகிறது. வண்டிகளைக் கயிற்றில் கட்டி ஒவ்வொன்றாகக் கீழே இறக்குகிறார்கள். மாடுகளும் குதிரைகளும் வயிற்றில் கட்டிய கயிற்றோடு அந்தரத்தில் தொங்கியபடி இறங்குகின்றன. காமிரா விலகி நின்று, மேலே கயிற்றை விட்டுப் பிடிக்கும் ஆட்களையும், நடுவில் தொங்கும் வண்டியையும், கீழே எறும்புகளைப் போல் காத்திருக்கும் மக்களையும் ஒரே சட்டகத்துக்குள் காட்டுகிறது. கயிறு அறுந்து ஒரு வண்டி பாறையில் மோதிச் சிதறும்போது, அண்மைக்காட்சியில் யாருடைய முகத்தையும் காட்டி அவர் நம்மை அழச் சொல்வதில்லை. ஒரு குடும்பம் மாதக்கணக்கில் இழுத்து வந்த உடைமை எவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தது என்பது நம் கண்ணுக்கே தெரிவதால், அதற்குமேல் சொல்ல எதுவும் இல்லை.

மழையில் சேற்றுக்குள் வண்டிச் சக்கரம் புதையும் காட்சியும், ஆற்றைக் கடக்கும் காட்சியும் இதே வகையைச் சேர்ந்தவை. முன்னால் இருவர் பேசிக்கொண்டிருப்பார்கள். வெகு தொலைவில் ஒருத்தி துணி உலர்த்துவாள், சிறுவன் மாட்டை அவிழ்ப்பான். யாரும் சும்மா நிற்பதில்லை. சாகசம் என்பது ஒரு மனிதன் இங்கிருந்து அங்கே போய்ச்சேர வேண்டும் என்பதுதான், இடையில் கிடக்கும் நிலத்தை முழுசாகக் காட்டாவிட்டால் அதில் பொருள் இல்லை என்று வால்ஷ் கருதினார் என்பதே அவருடைய படங்களை மீண்டும் மீண்டும் பார்த்தபின் நான் வந்தடைந்த முடிவு.

ஜான் வெய்னைக் கண்டுபிடித்தவர் அவர்தானா?

பின்னாளில் கௌபாய் படங்களின் பெருநட்சத்திரமான வெய்னை, 'தி பிக் டிரெயில்' மூலம் கதாநாயகனாக முதலில் நிறுத்தியவர் வால்ஷே. மரியன் மாரிசன் என்ற அந்த இளைஞர் ஃபாக்ஸ் படப்பிடிப்பு வளாகத்தில் அரங்கப் பொருட்களைத் தூக்கி வைக்கும் வேலை பார்த்தார், துணுக்கு வேடங்களிலும் தலைகாட்டினார். கனமான மேசை நாற்காலிகளை அவர் தூக்கிப்போகும் இலாவகத்தைப் பார்த்தே தேர்ந்தெடுத்ததாக வால்ஷ் சொன்னார். அமெரிக்க விடுதலைப் போரின் தளபதி அந்தோணி வெய்னின் பெயரை வால்ஷ் முன்மொழிய, நிறுவனத்தார் அந்தோணியை ஜான் என்று மாற்றினார்கள். வெய்னுக்கு அப்போது வயது 23. படத்தில் அவருடைய வசனப் பேச்சு இன்னும் பதப்படவில்லை. ஆனால் குதிரையிலிருந்து இறங்கி நடந்து வரும்போது அந்த நிலத்துக்குச் சொந்தக்காரர் போல் இருக்கிறார்.

அவ்வளவு பெரிய படம் ஏன் தோற்றது?

படத்தின் குறையைவிடக் காலத்தின் குறையே அதிகம். கிராண்டியர் படத்தைக் காட்டத் தனிப் புரொஜெக்டரும் தனித் திரையும் வேண்டும். ஒலிக் கருவிகளுக்காக அப்போதுதான் கைப்பணத்தைக் கொட்டியிருந்த திரையரங்கு உரிமையாளர்கள், 1929 பங்குச்சந்தை வீழ்ச்சியைத் தொடர்ந்த பொருளாதார மந்தத்தில் மீண்டும் செலவு செய்ய முன்வரவில்லை. நிறுவனத்தை உருவாக்கிய வில்லியம் ஃபாக்ஸும் 1930இல் அதன் கட்டுப்பாட்டை இழந்துவிட்டார். ஆகவே லாஸ் ஏஞ்சலிஸ், நியூயார்க் போன்ற இடங்களில் மிகச்சில அரங்குகளைத் தவிர, மற்றவர்கள் பார்த்தது குறுகலான வடிவத்தையே.

இதன் விலையைக் கொடுத்தவர்கள் இருவர். வெய்ன் ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் மலிவான கௌபாய் படங்களில் உழன்று, 1939இல் ஜான் ஃபோர்டின் 'ஸ்டேஜ்கோச்' வந்த பிறகே தலை நிமிர்ந்தார். வால்ஷுக்கோ 1930கள் பெரும்பாலும் கையில் கொடுத்ததை எடுத்துத் தள்ளும் ஆண்டுகளாகக் கழிந்தன. அகலத்திரை உலகெங்கும் வழக்கத்துக்கு வந்தது 1953க்குப் பிறகுதான் என்பதை நினைத்தால் மனம் கனக்கிறது.

அவர் எப்போது மீண்டெழுந்தார்?

1939இல் வார்னர் பிரதர்ஸ் நிறுவனத்தில் சேர்ந்த பிறகு. 'தி ரோரிங் ட்வென்டீஸ்' படத்தில் தொடங்கி அடுத்த பத்தாண்டுகள் அவருடைய வாழ்வின் செழிப்பான பருவம். ஜான் ஹூஸ்டன் திரைக்கதையில் பங்கேற்ற 'ஹை சியரா' (1941), அதுவரை துணை வில்லனாகவே சுடப்பட்டுச் செத்துக்கொண்டிருந்த ஹம்ஃப்ரி போகார்ட்டை முன்னணிக்குக் கொண்டுவந்தது. கிழடுதட்டிய கொள்ளைக்காரன் ஒருவன் காரில் மலைப்பாதையில் ஏறி ஏறி, இனிப் போக வழியில்லாத பாறையில் மடிகிறான். கலிபோர்னியாவின் விட்னி மலைச்சரிவில் எடுக்கப்பட்ட அந்தத் துரத்தலில், கொண்டையூசி வளைவுகளில் வரும் வண்டிகளைக் காமிரா கழுத்தைத் திருப்பிப் பார்ப்பதுபோல் தொடர்கிறது.

எட்டு ஆண்டுகள் கழித்து அதே கதையைக் குதிரைகளோடும் ரயில் கொள்ளையோடும் 'கொலராடோ டெரிட்டரி' (1949) என்ற கௌபாய் படமாக அவரே மறுபடி எடுத்தார். இரண்டையும் அடுத்தடுத்துப் பாருங்கள். இரண்டாவதில் காதலியும் கதாநாயகனுடன் சேர்ந்தே சாகிறாள். கார் போய்க் குதிரை வந்தாலும் மலை அப்படியே இருக்கிறது. தப்பிக்க நினைப்பவனுக்கு உயரம் தவிர வேறு திசையில்லை.

கஸ்டரைப் பற்றிய படம் வரலாற்றுக்கு உண்மையாக இருக்கிறதா?

இல்லை. எரால் ஃபிளின் நடித்த 'தே டைட் வித் தெயர் பூட்ஸ் ஆன்' (1941), 1876இல் பூர்வகுடிகளுக்கு எதிரான லிட்டில் பிக்ஹார்ன் போரில் தன் படைப்பிரிவோடு மாண்ட அமெரிக்கக் குதிரைப்படைத் தளபதி கஸ்டரை, அந்தப் பூர்வகுடிகளின் உரிமைக்காகப் பேசிய உத்தமராகக் காட்டுகிறது. அது வரலாற்றைத் தலைகீழாகப் புரட்டுவது. அந்தப் படப்பிடிப்பில் குதிரைப்படைக் காட்சிகளை எடுக்கும்போது மூன்று பேர் இறந்தார்கள் என்பதையும் அதன் அழகைப் புகழ்வோர் மறக்கக்கூடாது. கஸ்டர் கடைசிப் பயணத்துக்குமுன் மனைவியிடம் விடைபெறும் காட்சி மிகமிக அமைதியானது. அவர் வெளியேறியபின் காமிரா பின்வாங்க, அவள் சுவரோடு சாய்ந்து மயங்கி விழுகிறாள். ஃபிளினும் வால்ஷும் இணைந்த ஏழு படங்களில் இது முதலாவது.

கடைசிப் படமான 'எ டிஸ்டன்ட் டிரம்பெட்' (1964) இந்தக் கணக்கைச் சிறிதளவாவது நேர் செய்கிறது. அதில் பூர்வகுடியினர் தங்கள் மொழியிலேயே பேசுகிறார்கள், திரையில் எழுத்தில் பொருள் வருகிறது. அரசு கொடுத்த வாக்கை மீறும்போது கதாநாயகன் எதிர்த்து நிற்கிறான்.

'ஆப்ஜெக்டிவ், பர்மா!' படம் பிரிட்டனில் ஏன் நிறுத்தப்பட்டது?

1945இல் வந்த இப்படத்தில், ஜப்பானியரின் ராடார் நிலையத்தைத் தகர்த்துவிட்டு அமெரிக்கப் பாராசூட் வீரர்கள் காட்டின் வழியே நடந்தே தப்பி வருகிறார்கள். பர்மாவில் மிகப் பெரும்பங்கு போரிட்டது பிரிட்டிஷ் பதினான்காம் படை. அதில் பெரும்பான்மையோர் இந்திய வீரர்கள். அவர்களைப் பற்றிப் பேச்சே இல்லாமல் வெற்றியை அமெரிக்கர் கணக்கில் எழுதியதற்கு எழுந்த எதிர்ப்பில், லண்டனில் ஒரே வாரத்தில் படம் திரும்பப் பெறப்பட்டு, 1952இல்தான் மறுபடி வந்தது. எதிர்ப்பு நியாயமானதே. அதோடு, களைத்துப்போன மனிதர்கள் ஒருவர்பின் ஒருவராக நடப்பதை இவ்வளவு பொறுமையாகக் காட்டிய போர்ப் படங்கள் குறைவு என்பதும் உண்மை. ஜேம்ஸ் வாங் ஹோவின் ஒளிப்பதிவில் கலிபோர்னியாவே பர்மாக் காடாக மாறியிருந்தது.

'ஒயிட் ஹீட்' கௌபாய் படமல்லவே, ஏன் அதை அவருடைய சிறந்த படம் என்கிறார்கள்?

1949இல் வந்த இப்படத்தில் ஜேம்ஸ் காக்னி, தாயைத் தவிர யாரையும் நம்பாத கொலைகாரன் கோடி ஜாரெட்டாக நடித்தார். சிறைச்சாலை உணவுக்கூடத்தில் நீண்ட மேசையில் கைதிகள் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். வெளியிலிருந்து புதிதாக வந்தவன் ஒருவன் மறுகோடியில் இருப்பதைக் கண்ட கோடி, "அம்மா எப்படி இருக்கிறாள் என்று கேள்" என்று பக்கத்தில் இருப்பவனிடம் சொல்கிறான். கேள்வி காதுக்குக் காது கிசுகிசுப்பாக நகர்கிறது, காமிராவும் கூடவே நகர்கிறது. மறுகோடியில் பதில் கிடைத்துவிடுகிறது. இறந்துவிட்டாள் என்ற அந்தச் செய்தி, ஒவ்வொரு முகமாகக் கடந்து கோடியை நோக்கித் திரும்பி வருவதை நாம் முன்பே அறிந்து பார்த்துக்கொண்டிருக்கிறோம். அது வந்து சேர்ந்ததும் எழும் ஓலமும், மேசைமேல் ஏறி ஓடி அவன் காவலர்களை அடித்துத் தள்ளுவதும் உயரத்திலிருந்து, கூடம் முழுவதும் தெரியும்படி காட்டப்படுகின்றன. பரந்த சமவெளியில் பழகிய கண் ஒரு மேசையின் நீளத்தைக்கூடப் பயணமாக்கிவிட்டது.

படப்பிடிப்புத் தளத்தில் அவர் எப்படி வேலை செய்வார்?

வேகமாக, அதிகம் பேசாமல். நடிப்பு நடந்துகொண்டிருக்கும்போதே முகத்தைத் திருப்பிக்கொண்டு, கையால் சிகரெட்டைச் சுருட்டியபடி காதால் மட்டும் கேட்டுவிட்டு, சரியாக இருந்தால் அடுத்ததற்குப் போய்விடுவார் என்று உடன் பணியாற்றியவர்கள் நினைவுகூர்ந்திருக்கிறார்கள். அலட்சியம் என்று சிலர் நினைத்தார்கள். காமிராவை எங்கே வைப்பது என்பதை அவர் முன்பே தீர்மானித்துவிடுவதால் மீண்டும் மீண்டும் எடுக்கத் தேவையில்லாமல் போனது என்பதே பொருத்தமான விளக்கமாகத் தோன்றுகிறது.

அவருடைய தன்வரலாற்றை எவ்வளவு நம்பலாம்?

1974இல் வெளியான அந்த நூலைக் கதைசொல்லி ஒருவரின் நூலாகவே படிக்க வேண்டும். புகழ்பெற்ற ஒரு கதை: 1942இல் நடிகர் ஜான் பாரிமோர் இறந்தபோது, வால்ஷ் சவ அடக்க நிலையத்திலிருந்து உடலை எடுத்து வந்து ஃபிளினின் வீட்டு நாற்காலியில் உட்கார வைத்தாராம். ஃபிளினும் இதைத் தம் நூலில் எழுதியிருக்கிறார். ஆனால் பாரிமோரின் நெருங்கிய நண்பரான எழுத்தாளர் ஜீன் ஃபௌலர், அன்றிரவு தாமும் தம் மகனும் உடலருகிலேயே இருந்ததாகக் கூறி இதை மறுத்தார். ஆகவே அவருடைய இளமைக் கதைகளையும் மெக்சிகோக் கதைகளையும் வேறு சான்று இருந்தால் மட்டுமே வரலாறாக எடுத்துக்கொள்வது நல்லது.

அவருக்கு ஆஸ்கர் கிடைத்ததா?

கிடைக்கவில்லை. 1927இல் ஆஸ்கர் விருதை வழங்கும் அகாதமியைத் தொடங்கிய 36 பேரில் ஒருவராக இருந்தும், சிறந்த இயக்குநருக்கான பரிந்துரைகூட ஒருமுறையும் அவருக்கு வரவில்லை. அவரை முதன்முதலில் பெருங்கலைஞராகக் கொண்டாடியவர்கள், 1950களில் பாரிஸின் மக்மஹோன் திரையரங்கைச் சூழ்ந்திருந்த இளம் ரசிகர்கள். லாங், லோசி, பிரெமிங்கர் ஆகிய இயக்குநர்களுடன் வால்ஷையும் சேர்த்து நால்வராக அவர்கள் போற்றினார்கள்.

புதிதாகப் பார்ப்பவர் எதில் தொடங்கலாம்?

'ஒயிட் ஹீட்' எளிதில் பிடித்துப்போகும். அடுத்து 'ஹை சியரா', 'கொலராடோ டெரிட்டரி' இரண்டையும் இணையாகப் பாருங்கள். 'தி பிக் டிரெயில்' பார்க்கும்போது மட்டும் எந்த வடிவம் என்று கவனிக்க வேண்டும். நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் 1980களில் சுருங்கிப்போன 70 மில்லிமீட்டர் மூலத்திலிருந்து அகல வடிவத்தை மீட்டெடுத்தது. அது ஏறத்தாழ 122 நிமிடம் ஓடும். குறுகல் வடிவம் சுமார் 108 நிமிடம். நீளத்தைப் பார்த்தே இனங்கண்டு, அகல வடிவத்தை வீட்டில் இருப்பதிலேயே பெரிய திரையில் போட்டு, அந்தக் கூண்டு வண்டிகள் மலைவிளிம்புக்கு வரும் இடத்தில் சட்டகத்தின் ஓரங்களையும் சேர்த்துப் பாருங்கள்.